குறைவாக ஓடிய பழைய சொகுசுக் கார்: நாட்காட்டிப்படி பராமரிப்பு

பதினைந்து ஆண்டில் நாற்பதாயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடிய சொகுசுக் காரில் இன்ஜின் தேய்மானம் மிகக் குறைவு. அதே காரின் ரப்பர், கூலன்ட், பிரேக் ஆயில், ஒயரிங், டயர் எல்லாவற்றுக்கும் வயது பதினைந்துதான். மீட்டர் ஓட்டத்தைக் கணக்கில் வைக்கிறது, காலத்தைக் கணக்கில் வைப்பதில்லை. எந்தப் பாகம் ஓடித் தேய்கிறது, எந்தப் பாகம் நின்றபடியே கெடுகிறது என்று பிரித்தறிந்து, பின்னதை நாட்காட்டி பார்த்து மாற்றுவதே இவ்வகைக் கார்களின் பராமரிப்புக்கு அடிப்படை.

கொங்கு நாட்டில் இத்தகைய கார்கள் கணிசமாக உண்டு. மெர்சிடிஸ் பென்ஸ் 1994இல் இந்தியாவில் நிறுவனம் தொடங்கி, அடுத்த ஆண்டே புனேயில் டபிள்யூ 124 வகை இ கிளாஸ் கார்களைச் செய்யத் தொடங்கியது. 2007இல் பி.எம்.டபிள்யூ சென்னைக்கு அருகே தொழிற்சாலை திறந்தது. ஆடி நிறுவனமும் அதே ஆண்டில் இந்தியாவில் கால்பதித்தது. அந்தக் காலத்தில் கோவை, திருப்பூர், ஈரோடு பகுதி ஆலைக் குடும்பங்களும் ஏற்றுமதியாளர்களும் வாங்கிய கார்களில் பல இன்றும் முதல் உரிமையாளர் வீட்டுப் போர்ட்டிகோவிலேயே நிற்கின்றன. அன்றாட ஓட்டத்துக்கு வேறு வண்டி வந்துவிட்டது. பெரிய கார் முகூர்த்தத்துக்கும் பழனிப் பயணத்துக்கும் மட்டும் வெளியே வருகிறது. இப்படி நின்று நின்று ஓடும் காருக்கு, தினமும் ஓடும் காருக்கு எழுதிய சர்வீஸ் அட்டவணை பொருந்தாது.

முதல் வேலை: இன்றைய நிலையை அறிதல்

பராமரிப்பைத் தொடங்குமுன் காரின் வரலாற்றைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். சர்வீஸ் புத்தகம், பழைய பில்கள், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள தயாரிப்பு மாதம், சேசிஸ் எண் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்க்கலாம். ஒவ்வொரு ஆயிலும் ரப்பர் பாகமும் கடைசியாக எந்த மாதம், எந்த ஆண்டு மாறியது என்று குறிப்பது முக்கியம். எப்போது மாறியது என்பதற்குச் சான்று இல்லாத பாகத்தை, ஒருபோதும் மாறாத பாகமாகவே கொள்ள வேண்டும். முந்தைய உரிமையாளர் வாய்வார்த்தையாகச் சொன்னது சான்றாகாது.

சேசிஸ் எண்ணைக் கொண்டு அந்தந்த நிறுவனத்தின் டீலரிடம் திரும்ப அழைப்பு நிலுவையில் உள்ளதா என்று கேட்பதும் முதல் நாள் வேலை. 2000க்குப் பிறகு வந்த பல பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி கார்களில் டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் இன்பிளேட்டர்கள் இருந்தன. அவற்றில் உள்ள அம்மோனியம் நைட்ரேட் பல ஆண்டு வெயிலிலும் ஈரத்திலும் சிதைகிறது. விபத்தின்போது ஏர்பேக் விரிவதற்குப் பதிலாக இன்பிளேட்டரின் உலோகக் கூடே வெடித்து, துண்டுகள் முகத்தில் பாயக்கூடும். உலகின் பல நாடுகளில் உயிர்கள் பறிபோன பிறகே இந்தக் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. கார் ஓடாமல் நின்றாலும் இந்தச் சிதைவு நிற்பதில்லை. திரும்ப அழைப்பின்கீழ் இந்த மாற்றத்தை நிறுவனமே இலவசமாகச் செய்து தரும்.

இன்ஜின் ஆயில்

குறைவாக ஓடும் காருக்கு ஆயில் மாற்றக் கணக்கு ஆண்டுக்கு ஒருமுறை. இரண்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்பதற்காகத் தள்ளிப்போடக் கூடாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடிய சூடான இன்ஜினில் அது ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். ஐந்து நிமிடம் ஓடி நிற்கும் இன்ஜினிலோ அதன் ஒரு பகுதி ஆயிலிலும் சைலன்சருக்குள்ளும் தங்கி, எரிபொருள் கழிவுடன் சேர்ந்து அமிலமாகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் மோர் நிறத்தில் கொழகொழவென்று ஒட்டியிருக்கும் படலம் இதன் அடையாளம். நீண்ட ஓட்டத்துக்குப் பின்னும் அது மறையாவிட்டால் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும்.

வாரத்துக்கு ஒருமுறை ஷெட்டிலேயே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. நல்ல எண்ணத்தில் செய்யப்படும் இந்த வேலை கெடுதல்தான் தருகிறது. பேட்டரி இழந்த மின்சாரம்கூட அந்த நேரத்தில் திரும்ப ஏறுவதில்லை. ஆயிலில் ஈரம் மட்டும் கூடுகிறது. முழுச் சூட்டுக்குக் கொண்டுபோக முடியாத நாளில் ஸ்டார்ட் செய்யாமல் விடுவதே மேல்.

ஆயிலைத் தேர்ந்தெடுக்கும்போது பாட்டிலில் 5டபிள்யூ-40 என்று இருந்தால் மட்டும் போதாது. கார் நிறுவனத்தின் அங்கீகார எண்ணும் இருக்க வேண்டும்: மெர்சிடிஸ் பெட்ரோல் இன்ஜின்கள் பலவற்றுக்கு 229.5, அந்தக் கால பி.எம்.டபிள்யூ பெட்ரோல் இன்ஜின்களுக்கு லாங்லைஃப் 01 என்பதுபோல. சரியான எண் உரிமையாளர் கையேட்டில் அச்சாகியிருக்கும்.

கூலன்ட்

கூலன்டின் பணி சூட்டைத் தணிப்பதோடு முடிவதில்லை. அலுமினிய ஹெட்டும் வாட்டர் பம்பும் அரிக்காமல் காப்பதும் அதுவே. அதில் உள்ள அரிப்புத் தடுப்பு மருந்து காலப்போக்கில் தீர்ந்துவிடும். நிறம் மாறாமல் தெளிவாக இருக்கும் கூலன்டிலும் மருந்து தீர்ந்திருக்கலாம். கையேடு வேறு காலம் சொல்லாவிட்டால் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் வடித்து மாற்றுவது பாதுகாப்பு.

கொங்கு வட்டாரத்தில் இங்கே ஒரு தனி எச்சரிக்கை தேவை. போர்வெல்லில் வரும் சப்பைத் தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் அதிகம். ரேடியேட்டரில் குறையும்போதெல்லாம் அதை ஊற்றினால் குறுகிய குழாய்களில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். சிறுவாணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனிமையானாலும் இந்த வேலைக்கு அதுவும் வேண்டாம். நிறுவனம் சொல்லும் கூலன்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுவதே முறை. தயாராகக் கலந்து விற்கும் கூலன்டில் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்கக் கூடாது.

கூலன்ட் தொட்டி, தெர்மோஸ்டாட் கூடு, ஹோஸ் இணைப்புகள் போன்றவை ஜெர்மானியக் கார்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக். சூடேறி ஆறி, சூடேறி ஆறி அவை நொறுங்கும் தன்மை அடைகின்றன. பி.எம்.டபிள்யூ ஆறு சிலிண்டர் கார்களில் இது நன்கறிந்த குறை. தொட்டியின் இணைப்புக் கோட்டில் வெள்ளை பூத்திருப்பதும், ஹோஸ் முனையில் காய்ந்த கூலன்ட் திட்டாகப் படிந்திருப்பதும் முன்னறிகுறிகள். கசிவு தொடங்கியபின் ஒவ்வொன்றாக மாற்றுவதைவிட, பத்து ஆண்டு ஆன காரில் தொட்டி, தெர்மோஸ்டாட், ஹோஸ்கள், வாட்டர் பம்ப் ஆகியவற்றை ஒரே வேலையாக மாற்றிவிடுவது சிக்கனம். அலுமினிய ஹெட் ஒருமுறை சூடேறி வளைந்தால் ஆகும் செலவுக்கு முன் இது மிகச் சிறியது.

பிரேக் ஆயில்

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை ரப்பர் ஹோஸ் வழியாகவும் தொட்டி மூடி வழியாகவும் மெல்ல இழுத்துக்கொள்ளும். டாட் 4 தரத்தின்படி புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். 3.7 சதவீதம் நீர் கலந்த நிலையில் அதே தரம் கேட்பது 155 டிகிரிதான். சமவெளியில் இந்த வீழ்ச்சி தெரியாது. உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு வரும் கார் ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம் இறங்குகிறது. இரண்டு டன் எடையுள்ள காரை ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பிரேக் பிடித்தே இறக்கினால் காலிப்பர் கடும் சூடாகி, ஆயிலில் உள்ள நீர் ஆவிக்குமிழாகும். பெடல் பஞ்சுபோல் உள்ளே இறங்கும், கார் நிற்காது. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட வால்பாறைச் சாலையிலும் இதே அபாயம் உண்டு.

ஆகவே ஓட்டம் எவ்வளவானாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற வேண்டும். மலைப்பயணம் திட்டமிட்டிருந்தால் புறப்படும் முன் ஈர அளவு பார்க்கும் கருவியால் ஒர்க்‌ஷாப்பில் சோதித்துக்கொள்ளலாம். இறங்கும்போது ஆட்டோமேட்டிக் கியரைக் கையால் கீழ் கியரில் நிறுத்தி இன்ஜின் பிடிப்பில் இறக்குவது, பிரேக்குக்கும் பயணிகளுக்கும் பாதுகாப்பு. ஏ.பி.எஸ். உள்ள காரில் ஆயில் மாற்றும்போது கணினிக் கருவியை இணைத்து ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள் உள்ள பழைய ஆயிலையும் வெளியேற்றச் சொல்ல வேண்டும்.

கியர்பாக்ஸ் ஆயில்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றியிருப்பது ஆயுள் முழுதுக்கும் போதும், மாற்றவே வேண்டாம் என்று பல கார் நிறுவனங்கள் எழுதின. பி.எம்.டபிள்யூவுக்கும் ஆடிக்கும் கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அல்லது எட்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. கியர்பாக்ஸைச் செய்தவரின் சொல்லையே ஏற்க வேண்டும். குறைவாக ஓடும் காருக்கு இதில் எட்டு ஆண்டு என்பதே கணக்கு. ஆயிலுடன் பில்டரும் மாற வேண்டும். பல மாடல்களில் அடித்தட்டும் பில்டரும் ஒன்றாகவே வரும். அளவு பார்க்கும்போது ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருப்பது அவசியம் என்பதால், இந்த வேலையைக் கருவி உள்ள இடத்தில் மட்டும் கொடுக்க வேண்டும். பவர் ஸ்டியரிங் ஆயிலையும் டிஃப்ரன்ஷியல் ஆயிலையும் அதே சமயத்தில் மாற்றிவிடலாம்.

ரப்பர் பாகங்களும் டயரும்

நின்ற காரில் முதலில் முதுமை தட்டுவது ரப்பருக்கு. கோவையின் பங்குனி, சித்திரை வெயிலும் இன்ஜின் அறையின் சூடும் சேர்ந்து ரப்பரைக் கெட்டியாக்கி வெடிக்க வைக்கின்றன. பெல்ட், கூலன்ட் ஹோஸ், எரிபொருள் ஹோஸ், வேக்குவம் குழாய், இன்ஜின் மவுண்ட், சஸ்பென்ஷன் புஷ் ஆகியவற்றை ஆண்டுக்கொரு முறை கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஹோஸை விரலால் அழுத்தினால் மீள வேண்டும். கல்லாக இருந்தாலும் களிமண்ணாக அமுங்கினாலும் மாற்ற வேண்டியதே. எரிபொருள் ஹோஸில் சிறு வெடிப்புகூட ஏற்கத்தக்கதல்ல. அது தீப்பிடிக்கும் இடம்.

டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினா, செயின் உள்ள இன்ஜினா என்பதைக் கையேட்டில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பெல்ட் என்றால் கிலோமீட்டர், ஆண்டு என இரண்டு வரம்புகளைக் கையேடு சொல்லும். குறைவாக ஓடும் காரில் ஆண்டு வரம்பே முதலில் வரும். பெல்ட் அறுந்தால் பெரும்பாலான இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி, ஒரு நொடியில் இன்ஜினே பாழாகிவிடும்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் போன்ற கார்களில் காற்றுப் பையும் ரப்பரே. இரவு நிறுத்திய கார் காலையில் ஒரு மூலையில் தாழ்ந்திருந்தால் அங்கே கசிவு தொடங்கிவிட்டது. அதைக் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் காற்றை நிரப்ப ஓயாமல் ஓடும் கம்ப்ரஸரும் எரிந்துபோகும். ஒரு பாகத்தின் செலவு இரண்டாகிவிடும்.

டயரின் வயதை அதன் பக்கச்சுவரிலேயே படிக்கலாம். டாட் என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில், நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். அந்தக் கட்டம் சில சமயம் உட்பக்கச் சுவரில் மட்டும் இருக்கும். காருக்கு அடியில் விளக்கடித்துத்தான் பார்க்க வேண்டும். பட்டன் முழுதாக இருப்பதைப் பார்த்து டயர் நன்றாக இருக்கிறது என்று எண்ணுவது தவறு. பக்கச்சுவரைக் கட்டை விரலால் வளைத்து அழுத்தினால் மயிரிழை வெடிப்புகள் தெரியும். ஐந்து ஆண்டைக் கடந்த டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். தயாரிப்பாளர்கள் சொல்லும் உச்ச வரம்பு பத்து ஆண்டு. கோவை - சேலம் நெடுஞ்சாலையில் வேகமாக ஓடும் கனமான காருக்கு ஏழெட்டு ஆண்டிலேயே மாற்றிவிடுவது விவேகம். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குத்தான்.

எரிபொருள்

இப்போது பங்க்குகளில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறது. இந்தக் கலப்பு விற்பனை 2023இல் தொடங்கி நாடெங்கும் பரவியது. பழைய கார்களின் ரப்பர் சீல்களும் ஹோஸ்களும் இந்த அளவு எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நீர் மிகுந்தால் அது எத்தனாலோடு சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். அங்கிருந்துதான் பம்ப் உறிஞ்சுகிறது.

காருக்குள் பெட்ரோல் மாதக்கணக்கில் தேங்காமல் பார்த்துக்கொள்வதே இதற்கு முதல் மருந்து. இரண்டு மாதத்துக்குள் தீரும் அளவு மட்டும் நிரப்பி, தீர்த்துப் புதிதாக நிரப்பலாம். நீண்ட நாள் நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் டேங்கை விளிம்புவரை நிரப்பி, காற்றுக்கு இடம் இல்லாமல் செய்ய வேண்டும். எரிபொருள் ஹோஸ்களையும் ஓ-ரிங்குகளையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றுவதும், பில்டரை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதும் அவசியம். டீசல் காரில் பில்டரின் அடியில் தேங்கும் நீரை வடித்துவிட வேண்டும். நீர் தேங்கிய டீசலில் நுண்ணுயிர்கள் வளர்ந்து பில்டரை அடைக்கும்.

பேட்டரியும் ஒயரிங்கும்

சொகுசுக் காரின் பேட்டரி, கார் பூட்டியிருக்கும்போதும் கணினிகளுக்கும் அலாரத்துக்கும் மின்சாரம் தந்துகொண்டே இருக்கிறது. எல்லாம் உறங்கியபின் இந்த இழப்பு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் இருந்தால் ஏதோ ஒரு யூனிட் விழித்திருக்கிறது, ஃபியூஸாகக் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். சில மணி நேரம் ஓய்ந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4க்குக் கீழே நாள் கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து பேட்டரி சாகும்.

இதற்குத் தீர்வு, மின்னழுத்தத்தைத் தானே கட்டுப்படுத்தும் பராமரிப்பு சார்ஜர். ஷெட்டில் நிற்கும்போது நிரந்தரமாக இணைத்து வைக்கலாம். பேட்டரி ஒயரைக் கழற்றி வைக்கும் பழைய முறை இக்கார்களுக்கு ஏற்றதல்ல. கண்ணாடி, ஸ்டியரிங் கோணம், ரேடியோ கோடு எனப் பலவற்றை மறுபடியும் பதிய வேண்டியிருக்கும். மின்பூட்டு உள்ள டிக்கிக்குள் பேட்டரி இருக்கும் மாடல்களில் டிக்கியே திறக்காமல் போவதும் உண்டு. பேட்டரி சென்ஸார் உள்ள பி.எம்.டபிள்யூ கார்களில் புதிய பேட்டரியைப் பொருத்தியபின் அதைக் கணினியில் பதிவுசெய்ய வேண்டும்.

1990களின் தொடக்கம் முதல் நடுப்பகுதி வரை வந்த மெர்சிடிஸ் கார்களை வைத்திருப்பவர்கள் இன்ஜின் ஒயரிங்கைத் தனியே சோதிக்க வேண்டும். அப்போது பயன்படுத்திய ஒயர் உறை சூட்டில் தானாகவே உதிரும் தன்மையுடையது. உறையை லேசாக வளைத்தால் பொடிப்பொடியாக விழும். செம்புக் கம்பிகள் ஒன்றோடொன்று உரசினால் இன்ஜின் கணினியே எரியும். ஹார்னஸ் ஒருமுறை மாற்றப்பட்டதா என்பதை அத்தகைய காரின் கோப்பில் முதல் வரியாக எழுதிக்கொள்ளலாம்.

ஏசி

காரை ஓட்டும்போதெல்லாம் ஏசியைப் பத்து நிமிடமாவது ஓடவிட வேண்டும், மார்கழிக் குளிரிலும்கூட. கம்ப்ரஸரின் தண்டு சீலை நனைத்து வைக்கும் ஆயில், கேஸோடு சேர்ந்தே சுற்றுகிறது. சுற்றாமல் இருந்தால் சீல் காய்ந்து கேஸ் கசியும். 1990களின் தொடக்கத்துக்கு முந்தைய கார்களில் ஆர்-12, பின்வந்தவற்றில் ஆர்-134ஏ என்று கேஸ் வேறுபடும், ஒன்றில் மற்றதை நிரப்பக் கூடாது. கேபின் பில்டர் ஆண்டுக்கு ஒருமுறை மாற வேண்டும். பஞ்சாலைகளுக்கும் பொள்ளாச்சி, காங்கேயம் பகுதித் தென்னை நார் ஆலைகளுக்கும் அருகில் நிற்கும் காரில் ஏசி கண்டென்சரின் இடுக்குகளில் பஞ்சும் நாரும் படிந்து காற்றை மறைக்கும். அழுத்தம் குறைந்த தண்ணீரால் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக அலச வேண்டும். வாட்டர் சர்வீஸின் உயர் அழுத்தப் பீச்சு கண்டென்சரின் மெல்லிய தகடுகளை மடக்கிவிடும்.

நிறுத்தும் இடம்: எலி, மயில், இலை

தோட்டத்து வீடுகளில் நிற்கும் காருக்கு எலிதான் முதல் பகை. இன்ஜினின் மேல் மூடியைக் கழற்றினால் தேங்காய் நாரும் காகிதத் துண்டுகளும் பின்னிய கூடு இருக்கும். அதன் ஓரத்திலேயே கடித்துப் பாதி அறுந்த ஒயரும் கிடக்கும். தேங்காய், நெல், கோழித்தீவனம் அடுக்கும் சாளையில் காரை நிறுத்தக் கூடாது. மாதம் ஒருமுறை மூடியைக் கழற்றியும் ஏர் பில்டர் பெட்டியைத் திறந்தும் பார்க்க வேண்டும். காற்று நுழையும் வாய்களுக்கு நுண்ணிய கம்பி வலை பொருத்தலாம். கார் கிளம்பும் முன் அதைக் கழற்றுமாறு ஸ்டியரிங்கில் சீட்டுக் கட்டி வைக்க வேண்டும்.

கோவையின் புறநகரிலும் கிராமங்களிலும் மயில்கள் பெருகிவிட்டன. பளபளக்கும் கதவில் தெரியும் தன் உருவத்தை இன்னொரு ஆண் மயில் என்று எண்ணிக் கொத்துவதால் பெயின்டும் கண்ணாடியும் சேதமாகும். கூரை மேல் ஏறினால் நகக்கீறல் நிற்கும். காற்றுப் போகும் துணி உறை இதைத் தடுக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறை உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்துப் பெயின்டைக் கொப்புளிக்கச் செய்யும், அதைத் தவிர்க்க வேண்டும். தூசி படிந்த காரின் மேல் உறையை இழுப்பதும் கூடாது. ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் புழுதி உறைக்கு அடியில் உப்புத்தாள்போல் தேய்த்துவிடும்.

புளியமரத்தடி நிழலில் நிறுத்திய சன்ரூஃப் காரைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். புளியின் சிற்றிலை அளவில் மிகச் சிறியது. கண்ணாடியின் ஓரத்துக் கால்வாயில் விழுந்து, நான்கு மூலைகளிலும் உள்ள வடிகால் துளைகளை அடைத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் நீர் வெளியே போக வழியின்றிக் கூரைத்துணி வழியாகக் கால்மிதிக்கு இறங்கும். கம்பளத்துக்கு அடியில் பல கார்களில் கணினி யூனிட்டுகள் உண்டு. அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக அந்தக் கால்வாயில் ஊற்றி, சக்கரத்தின் அருகே வடிகிறதா என்று பார்ப்பது இரண்டு நிமிட வேலை. முன்கண்ணாடிக்குக் கீழே பானட் ஓரத்தில் உள்ள வடிகால்களையும் இதேபோல் பார்க்க வேண்டும்.

மாதக்கணக்கில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக்கைப் போட்டு விடக் கூடாது, பிரேக் ஷூ ஒட்டிக்கொள்ளும். கியரைப் பார்க்கில் வைத்து சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதே முறை. டயர்களில் சில பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காற்று நிரப்பி, வாரம் ஒருமுறை காரைச் சற்று நகர்த்தி வைத்தால் ஒரே இடம் தட்டையாகாது.

ஓட்டும் முறை

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாற்பது நிமிடத்துக்குக் குறையாத ஓட்டம் இவ்வகைக் காருக்கு நல்ல மருந்து. கூலன்ட் சூடாவதைவிட ஆயில் சூடாக அதிக நேரம் பிடிக்கும் என்பதால் கடைவீதிவரை போய்த் திரும்புவது போதாது. கோவையிலிருந்து பொள்ளாச்சி சுமார் நாற்பது கிலோமீட்டர். நாலுவழிச் சாலையில் போய்வந்தால் இன்ஜின், கியர்பாக்ஸ், சைலன்சர், பேட்டரி எல்லாம் முழு வேலை செய்துவிடும். முதல் பத்து நிமிடம் அதிக ஆர்.பி.எம். கூடாது. திரும்பும் வழியில் சில முறை உறுதியாகப் பிரேக் பிடித்தால் டிஸ்க்கின் மேல்துரு நீங்கும். ஏசி, சன்ரூஃப், எல்லாக் கண்ணாடிகள், இருக்கை மோட்டார்கள் ஆகியவற்றை ஒருமுறை இயக்கிவிட வேண்டும்.

ஆண்டு நாட்காட்டி

முகூர்த்தம் இல்லாத ஆடியும் மார்கழியும் பெரிய கார் வீட்டில் நிற்கும் மாதங்கள். சர்வீஸை அவற்றில் வைத்துக்கொண்டால் தேவையான நேரத்தில் கார் ஒர்க்‌ஷாப்பில் மாட்டிக்கொள்ளாது.

பங்குனி: ஏசி, கூலன்ட் அளவு, ரேடியேட்டர் விசிறி, பேட்டரி சோதனை. வெயிலைத் தாங்கத் தயார்செய்யும் மாதம்.

ஆடி: ஆண்டு ஆயில் சர்வீஸ், ஏர் பில்டர், கேபின் பில்டர், அடியிலிருந்து ரப்பர் சோதனை. பிரேக் ஆயில் முறை வரும் ஆண்டில் அதுவும்.

புரட்டாசி: ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவும்போதே சன்ரூஃப் வடிகால், வைப்பர், கதவு ரப்பர், டயர். கோவையின் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வருவதால் அதற்கு முந்தைய சோதனை இது.

மார்கழி: சஸ்பென்ஷன், ஸ்டியரிங், வீல் அலைன்மென்ட், பெயின்ட், தோல் இருக்கை. தை முகூர்த்தங்களுக்கு முன் கார் தயாராகும்.

ஒர்க்‌ஷாப்பும் உதிரிப் பாகமும்

1920இல் பொள்ளாச்சி - பழனி வழியில் தம் முதல் பேருந்தை ஓட்டிய ஜி.டி. நாயுடுவின் ஊர் கோவை. அவர் பெயரால் அவிநாசி சாலையில் இயங்கும் அமைப்பே 2015இல் கார் அருங்காட்சியகத்தையும் திறந்தது. பம்பு, வார்ப்பு, லேத் என நூறாண்டு பழகிய கைகள் இங்கே உண்டு. கிடைக்காத உலோக பிராக்கெட்டையும் தேய்ந்த தண்டையும் அளவு மாறாமல் கடைந்து தரக்கூடிய பட்டறைகள் இருப்பது பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் பெரிய பலம். அந்தத் திறமையை உலோகத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சாதாரண ரப்பரில் அச்சு வார்த்த சஸ்பென்ஷன் புஷ் சில மாதமே தாங்கும்.

பாகம் வாங்கும்போது பழைய பாகத்தில் உள்ள எண்ணைச் சேசிஸ் எண்ணோடு ஒப்பிட்டு வாங்க வேண்டும். கார் நிறுவனத்துக்கே பாகம் செய்து தரும் கம்பெனிகளின் சொந்தப் பெட்டியில் வரும் பாகம் பெரும்பாலும் அதே தரம், விலை குறைவு. சென்னைப் புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் கிடைக்கும் பழைய பாகங்களில் கதவுப் பட்டி, விளக்கு, கைப்பிடி போன்றவற்றை வாங்கலாம். பிரேக், ஏர்பேக், சீட் பெல்ட், ரப்பர் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது.

ஆவணங்கள்

தனியார் காரின் பதிவு பதினைந்து ஆண்டுவரை செல்லும். முடியும் தேதிக்கு முந்தைய அறுபது நாளுக்குள் படிவம் 25இல் விண்ணப்பித்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காரைக் காட்டி எஃப்.சி. வாங்கினால் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்துத் தருவார்கள். பசுமை வரியும் அப்போது செலுத்த வேண்டும். ஐந்து ஆண்டைக் கடந்த காரின் காப்பீட்டு மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசித்தான் முடிவு செய்கிறார்கள். நன்கு பராமரித்த காருக்கு உரிய மதிப்பைப் பெற, பில்கள் அடங்கிய கோப்பே சாட்சி. மாசுச் சான்று பி.எஸ். 4க்கு முந்தைய கார்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும்.

செலவில் முன்னுரிமை தெளிவானது: நிறுத்தும் பாகங்கள், தீப்பிடிக்கும் பாகங்கள், இன்ஜினைக் காக்கும் பாகங்கள் முதலில், பெயின்ட்டும் தோலும் அதன் பிறகு. இந்த வரிசையில் ஆண்டுதோறும் சிறிது செலவிடும் உரிமையாளருக்கு, குறைவாக ஓடிய பழைய சொகுசுக் கார் இன்னும் பல ஆண்டு நம்பிக்கையோடு ஓடும். மீட்டரைப் பார்த்துச் சும்மா விட்டுவிடுபவருக்கு அதே கார் ஒரே பருவத்தில் எல்லாப் பாக்கியையும் சேர்த்துக் கேட்கும்.